எர்ன்ஸ்ட் மாய்: ஐந்தாண்டு வீட்டுக் கணக்கு

ஜெர்மன் கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் மாய் 1886-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்து, 1970-ல் ஹாம்பர்க்கில் இறந்தார். இந்த 84 ஆண்டுகளில் அவர் பெயர் நிலைத்தது ஐந்தே ஆண்டுகளால்தான்: 1925 முதல் 1930 வரை சொந்த ஊரின் கட்டுமானத் துறைக்குத் தலைவராக இருந்த காலம்.

எண்ணிக்கை

அந்தக் காலத்தில் எழுந்தவை சுமார் 12,000 வீடுகள். 15,000 வரை சொல்கிறவர்களும் உண்டு. குறைந்த கணக்கை எடுத்தாலே ஆண்டுக்கு 2,400, நாளுக்கு ஆறுக்கு மேல். வீட்டுக்கு 4 பேர் என்று வைத்தால் 48,000 பேர். நகர மக்கள்தொகையோ ஐந்தரை லட்சத்துக்குள். ஏறத்தாழ 11 பேரில் ஒருவருக்குப் புது வீடு.

வரவு

1923 பணவீக்கத்தில் மார்க் செல்லாக்காசாயிற்று. வீட்டை அடமானம் வைத்திருந்தவர்களின் கடன் அதோடு கரைந்தது. பாடுபடாமல் கிடைத்த அந்த லாபத்தில் பங்கு கேட்டு, 1924-ல் பழைய கட்டடங்கள் மீது அரசு தனி வரி போட்டது. வசூலில் ஒரு பகுதி குறைந்த வட்டிக் கடனாகப் புது வீடுகளுக்குப் போனது. போதாததை வெளிச்சந்தையில் அன்றைய கடும் வட்டிக்கு வாங்க வேண்டியிருந்தது.

சுவர்

செலவைக் குறைக்க மாய் சுவரையே ஆலையில் வார்த்தார். எடை குறைந்த நுரைக்கல் கான்கிரீட் பலகை: நீளம் 3 மீட்டர், உயரம் 1.1 மீட்டர், கனம் 20 சென்டிமீட்டர். ஆக, ஒரு பலகை 0.66 கன மீட்டர். பொருட்காட்சி வளாகத்து அரங்கில் வேலையில்லாதவர்களைக் கொண்டு வார்த்து, கிரேனால் தூக்கி அடுக்கினார்கள். ஆனாலும் பெரும்பாலான வீடுகள் பழைய முறையில்தான் எழும்பின.

அடுக்களை

மாயின் குழுவிலிருந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-ல் வரைந்தது: 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், சுமார் 70 சதுர அடி. ரயிலின் உணவுப் பெட்டியில் சமையல்காரர் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் எட்டி எடுப்பதுதான் முன்மாதிரி. சர்க்கரைக்கும் அரிசிக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள்; உருவி எடுத்து அப்படியே கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரம், புழு அண்டாது என்பதால். இஸ்திரிப் பலகை சுவரோடு மடங்கும். இப்படிச் சுமார் 10,000 அடுக்களைகள். ஒட்டுமொத்தமாகச் செய்ததால் விலை இறங்கியது. அந்தச் செலவும் வாடகையிலேயே அடங்கியது.

பரப்பு

1927-28-ல் கட்டிய ரோமர்ஷ்டாட் குடியிருப்பில் சுமார் 1,200 வீடுகள். அங்கே அருங்காட்சியகமாகியிருக்கும் வரிசை வீடு 88 சதுர மீட்டர். 1929-ல் தொடங்கிய வெஸ்ட்ஹவுசன் குடியிருப்பில் ஒரு குடும்பத்துக்குச் சுமார் 42 சதுர மீட்டர். இது அடுக்கு வீடு, அது தனி வாசல் வீடு. ஆனாலும் கை சுருங்கியது தெரிகிறது. பலருக்குச் சிறு வீடு என்பது, சிலருக்குப் பெரிய வீடு என்பதைவிட மேல் என்பது மாயின் வாதம்.

செலவு

ரோமர்ஷ்டாட்டில் சமையலும் வெந்நீரும் முழுக்க மின்சாரம்; எரிவாயு இணைப்பே கிடையாது. வாடகையோடு மின் கட்டணமும் சேர, ஆலைத் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை. குடியேறியவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பள அலுவலர்கள்.

பிறகு

1930-ல் மாய் சகாக்களோடு சோவியத் ஒன்றியம் சென்று மக்னிதகோர்ஸ்க் போன்ற எஃகு நகரங்களுக்குத் திட்டம் வரைந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டதால் ஊர் திரும்ப வழியில்லை; 1934-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் பண்ணை வைத்தார். இரண்டாம் உலகப் போரில் எதிரி நாட்டவர் என்று ஆங்கிலேயர் காவலில் வைத்தார்கள். வெளிவந்து கம்பாலா நகர விரிவாக்கத்துக்குத் திட்டம் தந்தார். 1954-ல் ஹாம்பர்க்கில் மறுபடி வீட்டுவசதி வேலை.

இருப்பு

பலகையின் கனத்தையும் அடுக்களையின் அகலத்தையும் சென்டிமீட்டர் கணக்கில் குறைக்க மாயால் முடிந்தது. வாடகையைத் தீர்மானித்த வட்டி அவர் கையில் இல்லை. வீட்டைச் சுருக்கிக்கொண்டே போனது அந்த வட்டிதான். மலிவு வீடு பேசும் எந்த ஊரும் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு அதுவே.