ஒரு குழந்தையின் காலுக்கு 48 கண்ணிகள்

கணுக்காலில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடியும், பாதத்தை மூடாத, இரு முனையும் திறந்த பின்னல் குழாய்க்கு மேலை நாடுகளில் லெக் வார்மர் என்று பெயர். பாலே நடனக் கலைஞர்கள் ஒத்திகைகளுக்கு இடையில் கெண்டைக்கால் தசை குளிர்ந்து இறுகிவிடாமல் இருக்க அணிந்த இந்த எளிய உடை, ‘ஃபேம்’ (1980), ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ (1983) ஆகிய திரைப்படங்களின் காலத்தில் தெருவுக்கு வந்து நாகரிகமாகி, இன்று குளிர்நாட்டு வீடுகளில் பாட்டிமாரும் அத்தைமாரும் குழந்தைகளுக்குத் தம் கையால் பின்னித் தரும் பரிசுகளுள் ஒன்றாக நிலைத்திருக்கிறது. குதிகாலுக்கான திருப்பமோ விரல் பக்கத்துக் குறுக்கமோ இல்லாததால் காலுறையைவிட இதைப் பின்னுவது எளிது. எனினும், ஒரு குறிப்பிட்ட குழந்தையின் காலில் நழுவாமலும் இறுக்காமலும் நிற்கவேண்டும் என்றால், இந்தக் குழாய்க்குள் இயற்பியலும் வேதியியலும் கணக்கும் ஒருங்கே நுழைந்துவிடுகின்றன.

நெய்த துணியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து ஏறத்தாழ நேராகவே கிடப்பதால், அத்துணியை இழுப்பது என்பது நூலையே இழுப்பதாகும். நூலோ எளிதில் நீளாது. பின்னலில் நேரான நூல் என்று எதுவும் இல்லை. ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகி, ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழுள்ள கண்ணியின் வழியே இழுக்கப்பட்டு நிற்கிறது. இதை அகலவாக்கில் இழுத்தால் கண்ணிகளின் உயரத்தில் இருந்த நூல் அகலத்துக்கு நகர்ந்து இடம் கொடுக்கிறது. நூல் நீள்வதில்லை, கண்ணியின் வடிவம்தான் மாறுகிறது. திருப்பூரின் வட்டப் பின்னல் எந்திரங்களிலிருந்து பனியன் துணி மூட்டுத் தையல் இல்லாத குழாயாக இறங்குவதும் இந்த அமைப்பினால்தான். கையால் வட்ட ஊசியில் பின்னப்படும் லெக் வார்மர் அக்குழாயின் தம்பி.

எல்லாக் கண்ணிகளும் முன்பக்கமே பார்க்கும் வெற்றுப் பின்னல் ஓரங்களில் சுருண்டுகொள்ளும் இயல்புடையது. கண்ணியை முன்பக்கமாக இழுப்பது, பின்பக்கமாக இழுப்பது என்னும் இரண்டையும் இரண்டிரண்டாக மாற்றி மாற்றிப் பின்னினால் கிடைப்பது ரிப் எனப்படும் வரிப்பின்னல். இதில் முன்கண்ணி வரிசைகள் வெளியே புடைக்க, பின்கண்ணி வரிசைகள் உள்வாங்க, துணி ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல மடிந்து நிற்கிறது. இழுக்கும்போது முதலில் மடிப்புகள் விரிகின்றன. அவை விரிந்து முடிந்த பின்னரே கண்ணிகள் வடிவம் மாறத் தொடங்குகின்றன. எலாஸ்டிக் இழை ஒன்றுகூட இல்லாமல் கணுக்காலையும் கெண்டைக்காலையும் பற்றிக்கொள்ளும் ஆற்றல் இந்த வரிப்பின்னலுக்கு வந்தது இவ்வாறுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் இயற்பியலாளர் எலிசபெட்டா மாட்சுமோட்டோவின் குழு நான்கு அடிப்படைப் பின்னல் வகைகளை இழுத்துச் சோதித்தும் கணினியில் உருவாக்கிப் பார்த்தும் 2024இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே நூலாக இருந்தாலும் கண்ணிகளின் வரிசைமுறை மாறினால் துணியின் விறைப்பும் நெகிழ்வும் மாறிவிடுகின்றன என்பதை அளந்து காட்டியது. பின்னுகிறவர்களின் விரல்கள் பல தலைமுறைகளாக அறிந்திருந்த இதைச் சமன்பாடாக எழுத இயற்பியல் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது, அந்தத் துறை அடுப்படிக்கும் திண்ணைக்கும் தாமதமாகவே வந்து சேர்ந்தது என்பதைத்தான் காட்டுகிறது.

நூலின் பங்கும் சிறிதன்று. ஆட்டுக் கம்பளி, நம் தலைமுடியைப் போலவே, கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இப்புரதத்தின் மூலக்கூறுகள் சுருள்வில்லைப் போல முறுக்கிக் கிடக்கின்றன. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி 1930களில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு, கம்பளி இழையை இழுக்கும்போது அதன் உள்ளமைப்பு ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைக் கண்டார். 1951இல் லினஸ் பாலிங்கும் அவருடைய உடனாய்வாளர்களும் அந்தச் சுருளின் சரியான வடிவத்தை வரைந்து காட்டினர். சுருள் விரிந்து மீளும் இயல்பால் கம்பளி இழை இழுபட்டாலும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடுகிறது. பருத்திக்கு இந்த மீட்சி குறைவு. பருத்தி நூலில் பின்னிய லெக் வார்மர் காலையில் முழங்காலருகே இருந்து மாலையில் கணுக்காலில் குவிந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே. இழைகளின் இயற்கையான நெளிவுக்கிடையே சிறைப்படும் காற்றே உண்மையில் குளிரைத் தடுக்கிறது. உருவில் சிறிய உடலுக்கு அதன் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு மிகுதி. உயரம், அகலம், பருமன் மூன்றும் பாதியானால் பரப்பு நான்கில் ஒன்றாகவும் கன அளவு எட்டில் ஒன்றாகவும் குறைவதால், பெரியவரைவிடக் குழந்தை வேகமாக வெப்பத்தை இழக்கிறது. ஆகவே அந்தக் காற்றுறை குழந்தைக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது.

கம்பளி குத்துகிறது என்று குழந்தைகள் அழுவதைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது தவறு. தோலில் படும் இழைமுனை மெல்லியதாக இருந்தால் அழுத்தும்போது வளைந்து கொடுக்கிறது. தடித்ததாக இருந்தால் வளையாமல் குத்துகிறது. ஒரு மெல்லிய கம்பி வளையாமல் தாங்கும் விசை அதன் விட்டத்தின் நான்காம் மடிக்கேற்ப உயர்வதால், நீளம் மாறாமல் தடிமன் மட்டும் இரு மடங்கானால் குத்தும் விசை 16 மடங்காகிறது. ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகளே பெரும்பாலும் இந்தக் குத்தலை உண்டாக்குகின்றன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெரினோ வகை ஆட்டின் மெல்லிய கம்பளியைத் தேர்வது, ஆகவே, பகட்டுக்கான செலவு ஆகாது.

இனி அளவு. கணுக்காலின் சுற்றளவு 18 சென்டிமீட்டரும் கெண்டைக்காலின் சுற்றளவு 24 சென்டிமீட்டரும் உள்ள ஒரு குழந்தையைக் கொள்ளலாம். குழாய் காலைவிடச் சுமார் 10 விழுக்காடு சிறியதாக இருந்தால்தான் பற்றி நிற்கும். எனவே பின்னவேண்டியது 16.2, 21.6 சென்டிமீட்டர். முன்கூட்டியே ஒரு சிறு மாதிரித்துண்டைப் பின்னி, துவைத்து உலர்த்தி எண்ணியபோது 10 சென்டிமீட்டர் அகலத்தில் 22 கண்ணிகளும் அதே உயரத்தில் 30 வரிசைகளும் இருந்தால், கணுக்காலில் 36, கெண்டைக்காலில் 48 கண்ணிகள் தேவை. இரண்டும் நான்கால் வகுபடுவதால் வரிப்பின்னலுக்கும் பொருந்துகின்றன. இடையிலுள்ள 12 சென்டிமீட்டர் உயரத்துக்கு 36 வரிசைகள். ஆறு வரிசைக்கு ஒருமுறை இரண்டு கண்ணிகளைக் கூட்டினால் 12 கண்ணிகளும் சேர்ந்துவிடும். மாதிரித்துண்டு பின்னும் அரைமணி நேரத்தைச் சோம்பலால் தவிர்ப்பவரின் கை சற்றுத் தளர்ந்து, 22க்குப் பதில் 20 கண்ணிகளே விழுந்தால், அதே 48 கண்ணிகள் 24 சென்டிமீட்டராகிவிடும். அதாவது காலின் அளவும் குழாயின் அளவும் ஒன்றாகி, பிடிப்பே இல்லாமல் போகும். மறுபுறம், ஒரே இழுவிசையுள்ள துணி சிறிய ஆரமுள்ள இடத்தில் அதிக அழுத்தம் தருமாகையால், கெண்டைக்காலுக்குச் சரியாகத் தோன்றும் இறுக்கம் கணுக்காலில் தடம் பதித்துவிடக் கூடும்.

குழந்தையின் பெயரெழுத்தைப் பின்ன விழைபவர்கள் பெரும்பாலும் கட்டத்தாளில் எழுதிப் பார்க்கிறார்கள். அங்கேதான் ஏமாற்றமும் காத்திருக்கிறது. கட்டத்தாளின் கட்டம் சதுரம். பின்னல் கண்ணி சதுரமன்று. மேற்சொன்ன அளவில் 11 கட்டங்களுக்கு 11 கட்டங்களாக வரைந்த எழுத்து 5 சென்டிமீட்டர் அகலமும் சுமார் 3.7 சென்டிமீட்டர் உயரமுமாக நசுங்கிவிடும். 15 வரிசைகள் உயரமாக வரைந்தால்தான் 5க்கு 5 ஆகும். காலில் ஏறும்போது துணி அகலவாக்கில் மேலும் விரியும் என்பதால் எழுத்தைச் சற்று ஒடுக்கமாக வரைவது நல்லது. நேர்க்கோடுகளாலான ‘ட’வும் ‘ப’வும் தொல்லை தருவதில்லை; ‘ஞ’வில் தொடங்கும் பெயருள்ள குழந்தைக்குப் பின்னுபவரின் பொறுமை சோதிக்கப்படும். வரிப்பின்னலின் மடிப்புகளில் எழுத்து மறைந்துபோவதால் அதற்கு வெற்றுப் பின்னலான நடுப்பகுதியே ஏற்றது. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் வழங்கும் இருநிறப் பின்னலில், பயன்படாத நிறத்தின் நூல் துணியின் உட்புறத்தில் பாலம்போலக் கிடந்து வெப்பத்தைக் கூட்டுகிறது. ஆனால் நெகிழ்வைக் குறைக்கிறது, பாலம் நீண்டால் குழந்தையின் கால்விரலும் அதில் மாட்டிக்கொள்கிறது. ஓரெழுத்துக்கு மட்டும் என்றால், பின்னி முடித்த கண்ணிகளின் தடத்திலேயே வேறு நிற நூலை ஊசியால் ஓட்டுவது போதும்.

குழந்தையின் காலுக்கு நிறம் தேடும் அக்கறை பழையது. எகிப்தின் அந்தினூபோலிஸ் நகரக் குப்பைமேட்டில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும், கி.பி. 300ஐ ஒட்டிய ஒரு குழந்தையின் இடதுகால் உறை, ஒற்றை ஊசியால் கண்ணியிடும் மிகப் பழைய முறையில் ஆனது. மஞ்சிட்டி இனச் செடியின் சிவப்பு, வோட் செடியின் நீலம், வெல்ட் செடியின் மஞ்சள் என்னும் மூன்றே சாயங்களைக் கலந்து அதன் பல நிறப் பட்டைகள் உருவாக்கப்பட்டன என்பதை, அதைச் சிறிதும் சிதைக்காமல் பல அலைநீள ஒளிகளில் படமெடுத்து 2018இல் கண்டறிந்தனர்.

குழந்தை வளரும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். தொடங்கும் ஓரத்திலிருந்து பின்னலைப் பிரிப்பது கடினம். முடிக்கும் ஓரத்தின் முடிச்சை அவிழ்த்தாலோ வரிசை வரிசையாக எளிதில் பிரிந்துவரும். ஆகவே கணுக்காலில் தொடங்கி முழங்காலில் முடித்தால், அடுத்த குளிர்காலத்தில் மேல் ஓரத்தை மட்டும் பிரித்துச் சில சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். சாயமிடும் ஒவ்வொரு தொட்டிக்கும் நிறம் சற்றே மாறுபடும் என்பதால், மிச்சமுள்ள நூலுண்டையைப் பரிசோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.