பெப்ரவரியில் பச்சைப் புல்

மழைக்காலத்தில் கண்டிப் பக்கத்து மாட்டுக்காரருக்குப் புல் ஒரு கவலையே இல்லை. கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை வீதியோரங்களில் கினிப்புல் ஆளுயரம் நிற்கும். கத்தியும் சாக்கும் போதும். பெப்ரவரி, மார்ச் வெயிலில் அதே புல் முற்றி, வைக்கோலுக்குத் தம்பியாகிவிடும். மாடு தின்னும், பால்தான் குறையும்.

கினிப்புல் சாவதில்லை. ஆப்பிரிக்கப் புல் அது. இலையைக் காயவிட்டுத் தூரில் உயிரை வைத்திருந்து, மழை விழுந்ததும் துளிர்க்கும். அதற்குத் தண்ணீர் ஊற்றுவது வீண் என்பேன். ஊற்றுவதானால் கோ-3க்கு ஊற்றுங்கள். 'கோ' என்பது கோயம்புத்தூர். அங்குள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கம்பையும் யானைப்புல்லையும் கலந்து உருவாக்கிய புல். விதை பிடிக்காது, இரண்டு மூன்று கணுவுள்ள கரணைகளைத்தான் நடவேண்டும்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்? வெயில் நாளில் செழித்து நிற்கும் புல் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் நீரைச் செலவழிக்கும். ஒரு பேர்ச் 25 சதுர மீற்றர். ஆக, பேர்ச்சுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர். கால் ஏக்கர், அதாவது 40 பேர்ச், 4,000 லீற்றர் கேட்கும்! வீட்டுக் கிணறு இதைத் தாங்காது. மகாவலி கீழே ஓடினாலும் மேட்டுக்கு ஏற்றப் பம்பும் எண்ணெயும் வேண்டுமே.

அதனால் தோட்டம் முழுக்கத் தெளிக்காதீர்கள். தினமும் ஹோஸைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்தால் மேல் மண் மட்டும் ஈரமாகி, மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். வேரும் ஆழம் போகாது. 10 பேர்ச்சை ஒதுக்குங்கள். அறுத்ததும் சாணி எருவைப் போட்டு, வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, பொழுது சாய்ந்தபின், தண்ணீரை வேர்வரை இறங்க விடுங்கள். சரிவு நிலமென்றால் வரிசைகளைச் சரிவுக்குக் குறுக்கே நடவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பக்கத்து வளவுக்குத்தான் போகும். தொழுவம் கழுவிய தண்ணீரை வாய்க்கால் வெட்டி அங்கேயே திருப்பினால், எருவும் கூடவே வரும்.

இந்த 10 பேர்ச் ஒரு மாட்டுக்குக்கூட முழுத் தீனி ஆகாது. 400 கிலோ எடையுள்ள பசு நாளைக்கு 40 கிலோ பச்சைப்புல் தின்னும். அறுத்ததைக் கறவை மாட்டுக்கு மட்டும் போட்டு, மீதிக்கு வைக்கோலும் வேலியோரத்துக் கிளிரிசீடியாத் தழையும் கொடுக்கவேண்டியதுதான்.

அடுத்த கோடைக்கு வேண்டுமென்றால் ஒக்டோபர் மழையோடு கரணையை ஊன்றிவிடுங்கள். முதல் அறுப்புக்கு 75 நாள் செல்லும்.