மண்ணைத் தாங்கும் மரச்சுவர்

கொசஸ்தலையாறு கடலை நாடிச் செல்லும் சமவெளியில் இருக்கிறது எங்கள் மீஞ்சூர். அங்கே சரிவான தோட்டம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். குளத்தங்கரையில் வீடு வாய்த்தவனுக்கு அதுவும் உண்டு. என் தோட்டம் வீட்டின் பின்புறத்திலிருந்து குளத்தை நோக்கி இறங்குகிறது. ஒவ்வோர் ஐப்பசி மழையும் மேல்மண்ணை வாரிச் சென்றது. தென்னையின் வேர்கள் வெளியே தெரியலாயின.

ஆகவே சரிவின் நடுவே, ஒரு மீட்டர் உயரத்தில், மரச்சுவர் ஒன்று எழுப்பத் துணிந்தேன். ஏரிக்கரை உடைந்தால் சவுக்குக் கட்டைகளை நட்டு, மணல் மூட்டைகளை அடுக்கி அடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் சவுக்குக் கட்டைகளை வரிசையாக அடித்தேன்; அவற்றின் பின்னே பலகைகளை நிறுத்தினேன்; ஒரு துளி மண்ணும் கசியாதபடி இடுக்குகளைக் களிமண்ணால் பூசினேன். கோடை முழுவதும் சுவர் அசையவில்லை. பெருமழையின் மூன்றாம் நாள் இரவு அது சரிந்து வீழ்ந்தது. விடிந்து பார்த்தால், துணி துவைக்கும் கல் மண்ணுக்கடியில் புதைந்து கிடந்தது. பகலில் வீழ்ந்திருந்தால் அக்கல்லருகே யார் நின்றிருப்பார் என்று எண்ணவே நெஞ்சம் நடுங்கியது.

குற்றம் கட்டையில் இல்லை. என் அறியாமையில் இருந்தது.

களத்தில் குவித்த நெல் ஒரு குறிப்பிட்ட சாய்வில்தான் நிற்கும். மணலும் அவ்வாறே. அதைவிடச் செங்குத்தாக நிறுத்த வேண்டுமானால், சுவர்தான் அதைத் தாங்கியாக வேண்டும். இத்தாக்கத்தின் கணக்கைக் கூலும் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் 1773-இல் பாரிசு அறிவியற் கழகத்தின் முன் வைத்தார். 1857-இல் ராங்கின் அதற்கு எளிய வடிவம் தந்தார். ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும். ஆதலால் சுவரின் உயரம் இருமடங்கானால், அதைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கவிழ்க்கும் திறனோ எட்டு மடங்காகும்.

இனி நீரின் பங்கைக் காண்போம். ஒரு மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் காய்ந்த மணல் ஏறத்தாழ 270 கிலோ எடையளவு விசையால் தள்ளும். அம்மணலில் மேல்மட்டம் வரை நீர் நின்றால், நீர் மட்டுமே 500 கிலோ அளவுக்குத் தள்ளும். மூழ்கிய மணலின் பங்கு அதற்கு மேல். ஆக, சுமை இருமடங்கைத் தாண்டிவிடுகிறது. இடுக்குகளைப் பூசிய நான் சுவர் கட்டவில்லை, தொட்டி கட்டியிருந்தேன்!

மறுமுறை, ஒரே சுவருக்குப் பதிலாக அரை மீட்டர் உயரத்தில் இரண்டு படிகள் அமைத்தேன். மேற்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின்மேல் விழாதிருக்க, இரண்டுக்குமிடையே நல்ல இடைவெளி விட்டேன். வைரம் பாய்ந்த பனங்கட்டைகளை, வெளியே தெரியும் உயரத்துக்குக் குறையாமல் மண்ணுள் இறக்கி, மேட்டுப்பக்கம் சற்றே சாய்த்து நட்டேன். பலகைகளுக்கிடையே விரல் நுழையும் சந்து விட்டு, பின்னால் ஒரு சாண் கனத்துக்கு ஜல்லி நிரப்பினேன். எஞ்சிய சரிவில் வெட்டிவேர் நட்டேன்.

இப்பொழுது மழை பெய்யும்போது பலகைச் சந்துகளில் நீர் கசிந்து ஓடுகிறது, மண் நிற்கிறது. ஆயினும் மரம் கரையானுக்கும் உளுப்புக்கும் இரையாகும் பொருள். ஆகவே ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்க்கிறேன். இதைவிட உயரமான சுவர் வேண்டுவோர் பொறியாளரைக் கலந்துகொள்வதே அறிவுடைமை. மண்ணைத் தடுத்து நிறுத்துங்கள். ஆனால் நீருக்கு வழி விடுங்கள்.