பட்டன் வேண்டாம்... நாடா போதும்!

தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அல்லது எதிர் ஃபிளாட் தம்பதிக்கு. பார்க்கப் போகணும், வெறுங்கையோடு போக முடியாது. கடையில் போய் நின்றால் பளபளா கவுன், பொம்மை, பவுடர் டப்பா செட்... எல்லோரும் தருவது அதைத்தான். ‘வீட்டில் தையல் மெஷின் சும்மாத்தானே கிடக்கிறது, நாமே ஏதாவது தைத்துக் கொடுத்தால் என்ன?’ என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா? நல்ல யோசனை. தாராளமாகச் செய்யுங்கள்!

ஆனால் ஒன்று. பிறந்த குழந்தைக்குத் தைப்பது, ஐந்து வயசுப் பெண்ணுக்குப் பாவாடை தைப்பது மாதிரி இல்லை. சிசுவின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. முகத்தில் துணி விழுந்தால் தள்ளிவிடத் தெரியாது. உறுத்தினால் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். ஆகவே, பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக இருப்பதைவிட, போட்டுக்கொள்ளும் உடம்புக்குச் சுகமாக இருப்பதுதான் முக்கியம்.

பீரோப் புடவையா? மோந்து பாருங்கள்!

‘பிள்ளைக்கு முதலில் பழைய துணிதான் போடணும்’ என்று பாட்டிமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல தடவை துவைத்த பருத்திப் புடவை, வேட்டி இரண்டிலும் கஞ்சி மொடமொடப்பு இருக்காது, பூப்போல இருக்கும். வியர்வையை நன்றாக உறிஞ்சும்.

ஆனால் அந்தப் புடவை பீரோவில் அந்துருண்டையோடு கிடந்ததா என்று பாருங்கள். பாச்சை உருண்டை என்கிறோமே, அதேதான். பல உருண்டைகளில் இருப்பது நாப்தலீன் என்ற ரசாயனம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ‘ஜி6பிடி’ என்ற என்சைம் குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு நாப்தலீன் ஏறிய துணியைப் போட்டால், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சள் காமாலை கடுமையாகும், மூளையைக்கூடப் பாதிக்கலாம். உடம்பில் எண்ணெய் தடவியிருந்தால் ரசாயனம் இன்னும் சுலபமாக உள்ளே போகும். நம் வீடுகளில் எண்ணெய் தேய்க்காத குழந்தை உண்டா?

அதனால் அந்த வாசனை வருகிற துணியைக் குழந்தைக்கென்று எடுக்கவே வேண்டாம். அது பாட்டியின் கல்யாணப் புடவையாக இருந்தாலும் சரி!

புதுத் துணி வாங்குவதானால் மெல்லிய மல் துணி நல்லது. வெட்டுவதற்கு முன் இரண்டு தடவை துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். கஞ்சியும் சாயமும் போகும். சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும்.

முடிச்சு போடும் ஜப்லா

தலை வழியாக மாட்டும் சட்டையைப் போட, தலை நிற்காத குழந்தையோடு இளம் தாய் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, பக்கவாட்டில் நாடா கட்டும் ஜப்லாதான் வசதி.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மார்புச் சுற்று 32 செ.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும். சட்டையின் சுற்றளவு 50 செ.மீ., நீளம் 30 செ.மீ. இருக்கட்டும். மேலே மடிகிற பகுதிக்குத் துணியைத் தனியாக விட்டு வெட்டுங்கள். நாலைந்து மாதம் வரை போடலாம். நாடா முடிச்சுப் போடும் அளவுக்குக் குட்டையாக இருக்கட்டும். கழுத்துப் பக்கம் மட்டும் நாடா வைக்கவே கூடாது.

பட்டன், சமிக்கி, மணி, ஊக்கு... எதுவும் வேண்டாம். இன்றைக்குக் கெட்டியாக இருக்கிற பட்டன் நாற்பது தடவை துவைத்த பிறகு கையோடு வரும். அடுத்த நிமிஷம் வாய்க்குப் போகும். சுமார் 3 செ.மீ. அகலக் குழாய்க்குள் நுழையும் எந்தச் சாமானும் மூன்று வயது வரை ஆபத்துதான். துணிப் பொம்மை தைத்தாலும், கண்ணுக்குப் பட்டன் வைக்காமல் நூலால் எம்பிராய்டரி போடுங்கள்.

இன்னொரு ரகசியம்: தையல் விளிம்பை வெளிப்பக்கம் வைத்துத் தையுங்கள். ‘பார்க்கத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்குமே?’ இருக்கட்டும். குழந்தையின் தோலில் படும் பக்கம் வழவழவென்று இருக்குமே!

கையுறைக்குள் ஒரு நூல்

நகம் கீறாமல் இருக்க கையுறையும், காலுக்கு சாக்ஸும் தைத்துத் தருகிறோம். உள்ளே ஒரு பிசிறு நூல் தொங்கினாலும் போதும். அது பிஞ்சு விரலைச் சுற்றி இறுகி, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம். கவனிக்காமல் விட்டால் விரலே போய்விடும் அபாயம் உண்டு. உள்பக்கத்தைத் திருப்பி எல்லா நூலையும் வெட்டிய பிறகே கொடுங்கள். காரணமே தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் முதலில் விரல்களைப் பார்க்கணும் என்று அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

தலையணை தைக்கலாமா?

கூடாது! இலவம்பஞ்சு, கடுகு, எது வைத்துத் தைத்தாலும் கூடாது. தூங்கும் குழந்தையின் மூக்கை அடைத்து மூச்சைத் தடுக்கக்கூடிய எதுவும் படுக்கையில் இருக்கக் கூடாது என்பதுதான் இன்றைய மருத்துவம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022ல் புதுப்பித்து வெளியிட்ட அறிவுரையும் இதையே சொல்கிறது. ஒரு வயது வரை மல்லாக்கப் படுக்க வைக்கணும்; சமமான, கெட்டியான படுக்கை; தலையணை, மெத்தென்ற போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது.

அப்படியானால் ஆசை ஆசையாக ஒட்டுப் போட்டுத் தைத்த மெத்தை விரிப்பு? வீணாகாது. விழித்திருக்கும்போது தரையில் விரித்து, பக்கத்தில் நீங்கள் இருக்க, குப்புறப் போட்டு விளையாட விடலாம். ‘தூங்க அல்ல, விளையாட’ என்று சொல்லியே கொடுங்கள்.

இரண்டு டஜன் லங்கோடு

பட்டுச் சட்டையைவிட இதைத்தான் அம்மா கையெடுத்துக் கும்பிடுவாள். 60 செ.மீ. சதுரத்தில் மல் துணியை வெட்டி, ஓரம் அடித்தால் போதும். முக்கோணமாக மடித்துக் கட்டலாம். தொப்புள்கொடி காய்ந்து விழ ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை தொப்புளுக்குக் கீழேயே கட்டணும்.

இதில் இன்னொரு லாபம். ‘பால் போதவில்லையோ?’ என்று கலங்காத தாய் இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பொதுவாகப் பால் போதுகிறது என்று அர்த்தம். நனைந்த லங்கோடுகளை எண்ணினாலே விடை கிடைத்துவிடும். குறைவாக இருந்தால் டாக்டரிடம் காட்டணும்.

அம்மாவை மறந்துவிட்டோமே!

எல்லோரும் குழந்தைக்குத்தான் தருகிறார்கள். பெற்றவளுக்கு? பால் கசிந்து ரவிக்கை நனைவது அவளுக்குப் பெரிய சங்கடம். 12 செ.மீ. வட்டமாகப் பருத்தித் துணியை நாலு மடிப்பு வைத்துத் தைத்து ஒரு டஜன் கொடுங்கள். நடுவில் பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். ஈரம் தங்கிப் புண்ணாகும்.

குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைவாகவோ, மாதம் நிறையாமலோ பிறந்திருக்கிறதா? அங்கே ஒரு மீட்டர் சதுரத் துணிதான் பெரிய பரிசு. கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் 1970களின் கடைசியில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்தது ‘கங்காரு’ முறை. சட்டை இல்லாத குழந்தையை, லங்கோடும் தொப்பியும் சாக்ஸும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்போடு நிமிர்த்தி அணைத்துத் துணியால் கட்டுவது. மூக்கும் வாயும் மூடாமல், கால்கள் தவளை மாதிரி மடங்கியிருக்கணும். தினமும் 8 மணி நேரமாவது இப்படி வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம் (2022). அப்பாவும் செய்யலாம்! மெல்லிய பருத்தித் துணியை ஓரம் அடித்துக் கொடுங்கள். குறுக்காக மடித்துக் கட்டும் விதத்தை டாக்டரோ நர்ஸோ காட்டித் தருவார்கள்.

கொடுக்கும் முன்...

* தைத்து முடித்ததும் இன்னொரு தடவை துவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காய வையுங்கள். வாசனை திரவம் வேண்டாம்.

* ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஊசி, குண்டூசி மாட்டியிருக்கலாம்.

* நாடாக்களை இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் மறுபடி தையுங்கள்.

* தொப்பி தைத்தால் கயிறு வைக்காதீர்கள். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி தேவையில்லை என்றும் சொல்லுங்கள்; உடம்பு சூடேறிவிடும்.

பளபளா காகிதம் சுற்ற வேண்டாம். ஒரு துணிப் பையில் போட்டு, மேலே ஒரு சீட்டு வையுங்கள்: ‘துவைத்தாச்சு. அப்படியே போடலாம்.’ ராத்தூக்கம் இல்லாத அந்த அம்மாவுக்கு, இன்னொரு பக்கெட் துவைக்க வேண்டாம் என்பதே பாதிப் பரிசு!