நெளிகோடு சொல்லும் சேதி

உங்கள் மகளோ மருமகளோ லண்டனில் குடியேறி, கார் ஓட்டக் கற்றுக் கொள்கிறாளா? ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் பெரும்பாடு என்று அலுத்துக் கொண்டிருப்பாளே!

அங்கே எங்கே நிறுத்தலாம் என்பதைத் தரையே சொல்லிவிடும். வீதியோரம் இரட்டை மஞ்சள் கோடா? பகலோ இரவோ, வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒற்றைக் கோடானால் சில மணி நேரம் மட்டுமே தடை. நேரத்தைப் பக்கத்துப் பலகையில் பார்த்துக் கொள்ளலாம். மாமியாரை இறக்கிவிட ஒரு நிமிஷம் நின்றால், மஞ்சள் கோட்டில் பெரும்பாலும் குற்றமில்லை. இரட்டைச் சிவப்புக் கோட்டில் அந்தச் சலுகையும் கிடையாது. கோடே இல்லையென்று மகிழ்ந்துவிடவும் வேண்டாம். சந்திப்பிலிருந்து 10 மீட்டருக்குள் நிறுத்தலாகாது.

இவற்றில் தவறினால் பெரும்பாலும் அபராதத்தோடு போகும். ஜீப்ரா கிராஸிங்கின் இருபுறமும் நெளிந்து செல்லும் வெள்ளைக் கோடுகளின் சங்கதி வேறு. கிராஸிங் வந்தது 1951-ல். நெளிகோடு 1971-ல்தான் வந்தது. அதன்மேல் ஒரு கார் நின்றால், சாலையைக் கடக்க வரும் ஐந்து வயதுக் குழந்தை அதன் மறைவில் நிற்கும். வருகிற வண்டிக்காரருக்குக் குழந்தை தெரியாது. குழந்தைக்கும் வண்டி தெரியாது. ஆகவேதான் அங்கே நிறுத்துவதும் குற்றம், கிராஸிங்கை நெருங்கும்போது முன்னே போகும் வண்டியை முந்துவதும் குற்றம்.

பள்ளிக்கூட வாசலிலும் நெளிகோடு உண்டு; அங்கே அது மஞ்சள். அதன்மேல் நிறுத்தச் சபலப்படுபவர்கள் யார் தெரியுமா? பிள்ளையை அழைத்துப் போக வரும் பெற்றோர்தான்! அடுத்த தெருவில் வண்டியை விட்டு நடந்து வரச் சொல்லுங்கள், உங்கள் மகளிடம்.