பத்திரம் பார்த்தோம், உத்தரம் பார்த்தோமா?

முற்றமும் திண்ணையும் தேக்குத் தூண்களும் உள்ள பழைய வீடு ஒன்று வேண்டும் என்பது என் தங்கையின் நெடுநாள் ஆசை. அவள் கணவர் பதினெட்டு ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்தவர். இனி ஊரோடு இருந்து பிள்ளைகளை வளர்ப்போம் என்ற எண்ணத்தில், 2017-ஆம் ஆண்டு கோடையில், எங்கள் கடலோர ஊரில் அத்தகைய வீடு ஒன்றை விலை பேசினார்.

ஆவணங்களைப் பொறுத்தவரை எதையும் விட்டுவைக்கவில்லை. தாய்ப்பத்திரம், முப்பதாண்டு வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுகள் அனைவரின் கையொப்பம் என்று வழக்கறிஞர் இரண்டு வாரம் அலசினார். வீட்டைப் பார்க்க நானும் உடன் சென்றேன். சுவர்களில் புதுச் சுண்ணாம்பின் வாசம் வீசியது. உத்தரங்கள் எண்ணெய் பூசியதுபோல் பளபளத்தன. தூணைத் தட்டிப் பார்த்து, "அந்தக் காலத்துக் கட்டுமானம், நூறு வருஷத்துக்கு அசைக்க முடியாது மாப்பிள்ளை" என்று தீர்ப்பு வழங்கியவன் நான்தான்.

ஐப்பசி மழை தொடங்கியது. மூன்றாம் நாள் இரவு கிழக்கு அறையில் ஒழுகியதால், பிள்ளைகளை எழுப்பிக் கூடத்தில் பாட்டியின் அருகே படுக்க வைத்தாள் என் தங்கை. பஜ்ருக்குப் பாங்கு சொல்லும் நேரம். பெரும் சத்தத்துடன் அந்த அறையின் மேல்தளம் சரிந்து, பிள்ளைகள் படுத்திருந்த கட்டிலின் மேலேயே விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், கட்டில் காலியாக இருந்தது.

விடிந்ததும் இடிபாட்டில் கிடந்த உத்தரத்தைப் புரட்டிப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரிந்த பகுதி உறுதியான தேக்கு. சுவருக்குள் புதைந்திருந்த ஒரு முழ நீள நுனி மட்டும் கையில் எடுத்தால் தவிடு போல் உதிர்ந்தது. மீதி அறைகளையும் பார்த்து, தளத்தை மாற்றிக் கட்டி முடிப்பதற்குள் கையிருப்பு கரைந்துவிட்டது. ஊரோடு இருக்க வந்த மைத்துனர் மீண்டும் விமானம் ஏறினார்.

மதரசாவில் ஆண்டுதோறும் கொடுக்கல் வாங்கல் பாடத்தை நடத்துபவன் நான். விற்கும் பொருளின் குறைகள் பற்றிய சட்டங்களை மாணவர்களுக்கு விரிவுரை செய்யும் எனக்கு, என் தங்கையின் வீட்டு உத்தரத்தை ஓர் ஆசாரியைக் கொண்டு குத்திப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த வேதனைதான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

பழைய வீடு எப்படிக் கட்டப்பட்டது?

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம், பரங்கிப்பேட்டை போன்ற நம் கடலோர ஊர்களில் சிமெண்ட் பரவுவதற்கு முன் கட்டப்பட்ட வீடுகள் இன்னும் உள்ளன. அவற்றின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. மேல்தளத்தை மரம் தாங்குகிறது. ஏறத்தாழ ஒன்றரை அடி இடைவெளியில் தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். இதைப் பொறியாளர்கள் 'மதராஸ் டெரஸ்' என்று அழைக்கின்றனர்.

இது அருமையான கட்டுமானம் என்பதில் ஐயமில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கவும் செய்யும், வெளியே விடவும் செய்யும். ஆகவேதான் தலைமுறைகள் தாண்டி நின்றது. எனினும் அதற்கென்று சில நோய்கள் உண்டு. அவை பெரும்பாலும் கண்ணில் படாத இடங்களிலேயே தொடங்குகின்றன.

முதலாவது, மரத்தின் நுனி. தளத்து வெடிப்பு வழியே இறங்கும் மழைநீர் சுவரின் தலைப்பில் தேங்குகிறது. காற்றும் வெயிலும் படாத அந்த இடத்தில்தான் கட்டையின் நுனி புதைந்திருக்கிறது. அது உளுத்தாலும் கரையான் அரித்தாலும் அறைக்குள் நிற்பவருக்குத் தெரியாது.

இரண்டாவது, சிமெண்ட் பூச்சு. சுண்ணாம்பு உதிர்ந்த சுவருக்கு 'நல்லது செய்வதாக' எண்ணிச் சிமெண்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் வண்ணமும் அடித்துவிடுகிறோம். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே மேலும் உயரே ஏறுகிறது. உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. அதை மறைக்க நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டப்படுகிறது. சுவரில் டைல்ஸ் ஒட்டிய பழைய கூடத்தைக் கண்டால், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

மூன்றாவது, பின்னாளில் சேர்த்த இரும்பு. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, தான் அரித்த இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கிறது. ஆகவே, பழைய வீட்டோடு இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் சேர்த்துக் கட்டிய குளியலறையும் மாடி அறையும் அந்த வீட்டின் மூலப் பகுதியைவிட மோசமான நிலையில் இருக்கக் கூடும்.

நான்காவது, கூடுதல் பாரம். ஒழுகும்போதெல்லாம் பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன்மேலேயே இன்னொரு அடுக்குப் பதித்திருப்பார்கள். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கும். ஆயிரம் லிட்டர் நீர் என்பது ஆயிரம் கிலோ! அந்தக் கட்டைகளை வைத்த கொத்தனார் இப்பாரத்தைக் கணக்கில் கொண்டிருக்க மாட்டார்.

ஐந்தாவது, பாகப்பிரிவினை. ஒரு வீடு மூன்று பிள்ளைகளுக்குப் பங்காகும்போது, இங்கே ஒரு சுவரை எழுப்பி அங்கே ஒரு சுவரை இடிக்கிறார்கள். இடித்த சுவர் மேலே எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கடல் கடந்து ஒரு பாடம்

இங்கிலாந்தின் நார்விச் நகரில் 1980-களின் தொடக்கத்தில் ஒரு பெண்மணி எளிய வீடு ஒன்றை வாங்கினார். கடன் வழங்கிய சங்கம் தன் மதிப்பீட்டாளரை அனுப்பியது. அத்தியாவசியப் பழுதுபார்ப்பு எதுவும் தேவையில்லை என்று அவர் எழுதித் தந்தார். அதை நம்பி அப்பெண்மணி வாங்கினார். பதினெட்டு மாதங்களில் புகைபோக்கியின் செங்கற்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு படுக்கையறைக்குள் விழுந்தன. முன்பு யாரோ கீழ்ப்பகுதியை இடித்து எடுத்திருந்தார்கள். மேலே நின்ற புகைபோக்கிக்குத் தாங்கல் இருக்கிறதா என்று மதிப்பீட்டாளர் பார்க்கவில்லை. வழக்கு அந்நாட்டின் பிரபுக்கள் அவை வரை சென்று, 1989-ஆம் ஆண்டு அப்பெண்மணிக்குச் சாதகமாகத் தீர்ப்பானது.

நம் ஊரில் சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர். அங்கே, வாங்கவிருக்கும் வீட்டைப் பரிசோதித்து அறிக்கை தருபவருக்கும் அதே பெயர்தான். பரிசோதனையில் மூன்று நிலைகளை வகுத்திருக்கிறார்கள். பழமையான வீடுகளுக்கும் பலவாறு மாற்றிக் கட்டிய வீடுகளுக்கும் மூன்றாம் நிலையான முழுமையான பரிசோதனையே பரிந்துரைக்கப்படுகிறது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. மதிப்பீடு வேறு, பரிசோதனை வேறு. வங்கியின் மதிப்பீட்டாளர் வருவது, கொடுத்த கடன் திரும்புமா என்று பார்ப்பதற்கு. வீட்டின் எலும்பும் நரம்பும் அவர் வேலையில் பெரும்பாலும் அடங்கா. நம்மில் பலரோ வட்டியை அஞ்சி, கையிருப்பையும் உறவினர் தந்த கைமாற்றையும் திரட்டி வாங்குகிறோம். பாராட்டத்தக்கதே! ஆனால் அந்த மேலோட்டமான பார்வைகூட இல்லாமல் போகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நமக்காகப் பார்க்க ஒருவரை நாமேதான் அமர்த்த வேண்டும்.

யாரை அழைப்பது? என்ன கேட்பது?

கட்டமைப்புத் துறையில் அனுபவமுள்ள சிவில் பொறியாளர் ஒருவரை அழையுங்கள். சுண்ணாம்புக் கட்டடத்தில் வேலை செய்தவராக இருப்பது சிறப்பு. அவருடன் சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனாரும் மர வேலை அறிந்த ஆசாரியும் வந்தால் இன்னும் நல்லது. தரகர் அழைத்து வரும் ஆள் வேண்டாம். பழுது வேலையைத் தானே எடுத்துச் செய்ய விரும்பும் ஒப்பந்தக்காரரும் வேண்டாம். இருவருக்கும் முடிவில் சொந்த இலாபம் உண்டு.

விற்பவரின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். ஏனெனில் ஒன்றிரண்டு இடங்களில் பூச்சைக் கொத்தி, உத்தரத்தின் நுனியைத் திறந்து, கூரிய ஊசியால் குத்திப் பார்க்க வேண்டியிருக்கும். நல்ல மரத்தில் ஊசி இறங்காது. உளுத்த மரத்தில் எளிதாக இறங்கும். சுத்தியலால் தட்டினால் எழும் ஓசையும் வேறுபடும். கான்கிரீட் பகுதிகளைச் சோதிக்கக் கருவிகள் உண்டு. பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகள் சில, கட்டணம் பெற்று இச்சோதனைகளைச் செய்கின்றன.

விரிசல்கள் எல்லாம் ஒன்றல்ல. பூச்சில் மட்டும் மயிரிழையாக ஓடுபவை பெரும்பாலும் அஞ்சத்தக்கவை அல்ல. சன்னல், கதவுகளின் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, செங்கல்லையும் பிளந்து, ஒரு முனையில் அகன்று காணப்படும் விரிசல் அடித்தளம் இறங்குவதைக் காட்டக் கூடும். அது பழைய காயமா, இன்னும் வளர்கிறதா என்பதே கேள்வி. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டிவிட்டுச் சில மாதங்கள் கவனிப்பது பழைய உத்தி. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும்.

பொறியாளர் வருமுன் நீங்களே பார்க்கக் கூடியவையும் உண்டு. வாய்ப்பிருந்தால் மழை பெய்த மறுநாள் வீட்டைப் பாருங்கள். விலை பேசும் வாரத்தில் ஓர் அறைக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சுவரோரம் கரையானின் மண் தடம் உள்ளதா, மாடிச் சுவர் இடுக்கில் அரசோ ஆலோ முளைத்திருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய் எங்கே போகிறது, மலக்குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று கவனியுங்கள். பெண்களை அழைத்துச் செல்லுங்கள். சமையலறை மூலையின் ஈரவாடை நமக்குமுன் அவர்களுக்கே தெரியும்.

அறிக்கையை எழுத்தில் பெறுங்கள். உடனே செய்ய வேண்டியவை, ஓராண்டுக்குள் செய்ய வேண்டியவை, பொறுக்கக் கூடியவை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உத்தேசச் செலவையும் குறிக்கச் சொல்லுங்கள். எந்தெந்த இடங்களைப் பார்க்க இயலவில்லை என்பதும் அதில் இருக்கட்டும். எந்தப் பரிசோதனையும் சுவருக்குள் இருப்பதை முழுவதுமாகக் காட்டிவிடாது. இதற்கு ஆகும் தொகை, பத்திரப் பதிவுக்கு நாம் மறுபேச்சின்றிக் கட்டும் தொகையில் ஒரு சிறு பங்குதான். இவை யாவும் முன்பணம் கொடுப்பதற்கு முன் நடக்க வேண்டும். முன்பணம் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், 'பரிசோதனையில் பெருங்குறை தெரிந்தால் முன்பணம் திரும்பத் தரப்படும்' என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

விற்பவர் கடமை

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். ஒழுகிய சுவருக்கு மட்டும் வெள்ளையடிப்பதும் உளுத்த நுனியை மறைத்து மெருகேற்றுவதும் அக்குவியலைப் போன்றவையே.

விற்பனைக்கு முன்பே இருந்த மறைவான குறை பின்னர் தெரியவந்தால் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது மார்க்கச் சட்டம். இதனைக் 'கியாருல் ஐப்' என்பர். ஷாஃபிஈ மத்ஹபின்படி, குறையை அறிந்ததும் தாமதியாமல் அவ்வுரிமையைக் கோர வேண்டும். நம் நாட்டின் 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்லிவிட வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தால் தெரியக் கூடிய குறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய கடமை நம்முடையது.

எங்களுக்கு விற்ற பெரியவர், தனக்கும் தெரியாது என்றார். அவர் உள்ளத்தை அல்லாஹ் அறிவான். நாங்கள் வழக்காடவில்லை. நாங்கள் பார்க்காத ஒன்றை அவரும் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அஞ்ச வேண்டாம்

இதைப் படித்துப் பழைய வீடே வேண்டாம் என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. 2022-இல் என் மாணவர் ஒருவரின் தந்தை இதேபோன்ற வீட்டை வாங்க எண்ணி, "ஹஜ்ரத், ஒரு நல்ல நாள் சொல்லுங்கள்" என்று வந்தார். "நாள் இருக்கட்டும், முதலில் ஒரு பொறியாளரை அழையுங்கள்" என்றேன். பரிசோதனையில் நான்கு கட்டைகளின் நுனி கெட்டிருப்பது தெரிந்தது. மற்றவை உறுதியாக இருந்தன. அறிக்கையைக் கண்ட விற்பனையாளர் பழுதுச் செலவை விலையில் குறைத்துக்கொண்டார். குடியேறுமுன் அக்கட்டைகளை மாற்றி, சிமெண்டைச் சுரண்டிச் சுண்ணாம்பே பூசினார்கள். இன்று அவ்வீட்டின் கூடத்தில் கோடையிலும் குளுமை நிலவுகிறது.

எங்கள் வீட்டு உத்தரத்தின் உளுத்த நுனியை நான் எறியவில்லை. மதரசாவில் என் மேசையின் மேல் இருக்கிறது. குறையுள்ள பொருளின் பாடம் வரும்போது அதை மாணவர்களின் கையில் கொடுத்து, மெருகு உள்ள பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். பிறகு திருப்பச் சொல்வேன்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை அமைதியும் பாதுகாப்பும் உள்ளவையாக ஆக்குவானாக! ஆமீன்.