வெற்றிடமும் ஓர் எழுத்தே!

பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையத்தில் பழைய ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அந்நாளில் ஓலையில் எழுதியவர்கள் சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதும் இல்லை. 'பலகைகளை' என்று ஓலையில் இருந்தால் அது மரப்பலகையா, பல கைகளா? படிப்பவர்தாம் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சிட்ட ஐயரவர்கள் இத்தகைய ஓலைகளோடு எவ்வளவு பாடுபட்டிருப்பார்!

மனிதருக்கு உள்ள இந்தப் பிரித்தறியும் அறிவு கணிப்பொறிக்குக் கிடையாது. அதற்கு வெற்றிடமும் ஓர் எழுத்தே. ஆஸ்கி என்னும் எண்முறையில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'க்கு எண் 65. வெற்றிடத்திற்கு 32, டேப் விசைக்கு 9, புதிய வரிக்கு 10. திரையில் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், கணிப்பொறியின் உள்ளே இவையும் மற்ற எழுத்துகளைப் போலவே இடம்பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய 'சி' மொழியைக் கற்கத் தொடங்குவோரை மிகவும் திணற வைப்பது இந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்துதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாணவியர் தலைவி தேர்தலைக் கணிப்பொறியில் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். போட்டியிடுபவர்கள் ஏ, பி என இருவர். வாக்களிப்போர் ஆறு பேர். ஒவ்வொருவரும் ஓர் எழுத்தைத் தட்டி, என்டர் விசையை அழுத்த வேண்டும். நிரலில் ஸ்கேன்எஃப் என்னும் கட்டளையை "%சி" என்ற குறியோடு ஆறு முறை இயங்கும்படி எழுதியாயிற்று. முதல் மாணவி 'ஏ' என்று தட்டி என்டரை அழுத்துகிறாள். உடனே "உங்கள் வாக்கு?" என்னும் கேள்வி திரையில் இரண்டு முறை வந்து நிற்கிறது! மூன்றாமவள் முடித்ததும் தேர்தலே முடிந்துவிடுகிறது. செல்லாத வாக்கு மூன்று என்று முடிவு வருகிறது. எஞ்சிய மூவருக்கு வாக்குரிமையே இல்லாமற் போயிற்று.

இது ஏன்? நாம் தட்டுவது அப்போதைக்கப்போதே நிரலுக்குப் போவதில்லை. என்டரை அழுத்தும் வரை ஓரிடத்தில் சேர்ந்திருந்து, பிறகு வரிசையாகப் போகிறது. அந்த என்டரும் புதிய வரி என்னும் எழுத்தாக வரிசையின் கடைசியில் நிற்கிறது. "%சி" எடுப்பது ஒரே ஓர் எழுத்தைத்தான். 'ஏ' போயிற்று, புதிய வரி நின்றது. லஸ் முனையில் பேருந்தில் ஏற முடியாமல் நின்றவர் அடுத்த பேருந்துக்கு முதல் ஆளாக ஏறுவதுபோல, அடுத்த முறை அதுவே முந்திக்கொள்கிறது. எண்களைப் படிக்கும் "%டி" என்ற குறி இருக்கிறதே, அது முன்னால் நிற்கும் வெற்றிடங்களைத் தானே தாண்டிச் சென்றுவிடும். அதனால்தான் எண்களைக் கொண்டு பழகியவர்களுக்கு எழுத்து வந்தவுடன் வியப்பு உண்டாகிறது.

இதற்குரிய மருந்து மிகச் சிறியது. "%சி" என்பதற்கு முன்னால் ஓர் இடம் விட்டு " %சி" என்று எழுதினால் போதும். அந்த ஓர் இடத்திற்கு, 'வெற்றிடம், டேப், புதிய வரி எத்தனை நின்றாலும் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு வா' என்று பொருள். ஆனால் அந்த இடத்தைப் பின்னால் விட்டுவிடக் கூடாது. பின்னால் விட்டால், வெற்றிடமல்லாத அடுத்த எழுத்து ஒன்று வரும் வரை நிரல் காத்துக்கொண்டே இருக்கும். என்டரை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. கணிப்பொறி கெட்டுவிட்டதென்றே பலர் எண்ணிவிடுவர்!

எஃப்ஃப்ளஷ் என்னும் கட்டளையால் உள்ளே நிற்பதைத் துடைத்துவிடலாம் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது வெளியீட்டுக்காக ஏற்பட்ட கட்டளை. விசைப்பலகையிலிருந்து வரும் உள்ளீட்டின் மேல் அதை ஏவினால் என்ன நடக்கும் என்று சி மொழியின் தர விதி கூறவில்லை. ஒரு கணிப்பொறியில் பலிக்கும், மற்றொன்றில் பலிக்காது. அதை நம்பாமலிருப்பதே நன்று.

பெயர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. "%எஸ்" என்ற குறி ஒரு சொல்லைப் படிக்கும். வெற்றிடத்தைக் கண்டதும் நின்றுவிடும். 'மேரி ஸ்டெல்லா' என்று தட்டினால் மேரி மட்டும் பதிவாவாள். ஸ்டெல்லா வரிசையிலேயே நின்று அடுத்த தோழியின் பெயராகிவிடுவாள். இதற்கு எஃப்கெட்ஸ் என்னும் கட்டளையால் முழு வரியையும் வாங்குவதே முறை. பெயருக்குப் போதிய இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். வரியின் கடைசியில் ஒட்டிவரும் புதிய வரியையும் நாமே நீக்க வேண்டும்.

மீண்டும் நம் தேர்தலுக்கு வருவோம். " %சி" என்று எழுதியபின் ஆறு பேரும் வாக்களித்துவிடலாம். ஆயினும் எங்கள் கணிப்பொறி மன்றத்தில் நாங்கள் இதைப் பேசியபொழுது ஒரு வினா எழுந்தது. இருவரையும் விரும்பாத மாணவி ஒன்றும் தட்டாமல் என்டரை மட்டும் அழுத்தினால் என்ன ஆகும்? அதையும் நிரல் விழுங்கிவிட்டு, வேறு எழுத்துக்காகக் காத்து நிற்கும். நம் நாட்டுத் தேர்தல்களிலேயே 2013ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் நோட்டா என்னும் பொத்தான் வந்துவிட்டதே! ஆகவே இங்கும் எஃப்கெட்ஸ் கொண்டு வரி முழுவதையும் வாங்குவதே நேர்மை என்று முடிவு செய்தோம். வரியில் எழுத்து இருந்தால் அது வாக்கு. புதிய வரி மட்டும் இருந்தால் 'எவருக்கும் இல்லை' என்று தனியே ஒரு கணக்கு.